ஆற்றின் விதைநெல்



எங்கள் வீட்டில் அறுவடை முடிந்ததும் என் தந்தையார் செய்யும் முதல் வேலை, அடுத்த ஆண்டுக்கான விதையைத் தனியே எடுத்து, வைக்கோற் புரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பதுதான். வீட்டில் எத்தனை முடை வந்தாலும் அந்த விதைக்கோட்டையின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஓர் ஆண்டு மழை பொய்த்தது. வேறு வழியின்றி விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்டோம். மறு ஆண்டு வேறொரு சீமையிலிருந்து விதை வாங்கி விதைத்தோம். அதுவும் நெல்தான், மணியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. ஆனால், எங்கள் தாழ்ந்த வயலில் ஐப்பசி வெள்ளம் நின்றபோது அந்தப் பயிர் அழுகிப் போயிற்று. எங்கள் பழைய நெல் அந்த வெள்ளத்தில் தலைநிமிர்ந்து நின்றிருக்கும். பல தலைமுறையாக அந்த வயலில் விளைந்து, அந்த வெள்ளத்தை அறிந்து வந்த நெல் அது. நெல்லை விலைக்கு வாங்கலாம். அந்த அறிவை வாங்க முடியாது என்பதை அன்று நான் கண்டேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நெல்லன்று, மீன். அதுவும் நம் நாட்டு மீனன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பசிபிக் பெருங்கடலுக்கும் மலையாறுகளுக்கும் இடையே போய்வரும் சால்மன் மீனைப் பற்றியே பேசப் போகிறேன். எனினும், இந்தப் பேச்சு முடியும்போது அந்த விதைக்கோட்டை உங்கள் நினைவுக்கு மீண்டும் வரக்கூடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐடஹோ என்பது ஒரு மலை மாநிலம். அங்கே கடல் மட்டத்திற்குச் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பைன் மரங்கள் சூழ்ந்த ஓர் ஏரி உண்டு. ரெட்பிஷ் ஏரி என்பது அதன் பெயர்; 'செந்நிற மீன் ஏரி' என்பது பொருள். சாக்கை என்ற வகைச் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகச் செக்கச் செவேலென்ற உடலோடு அங்கே வந்து குவிவது பழங்கால வழக்கம். 1992ஆம் ஆண்டில் அந்த ஏரிக்குக் கடலிலிருந்து எத்தனை மீன்கள் திரும்பி வந்தன தெரியுமா? ஒன்றே ஒன்று. அதுவும் ஆண் மீன். துணைக்குப் பெண் மீன் ஒன்றுகூட வரவில்லை. அந்நாட்டு மக்கள் அதற்குத் 'தனிமை லாரி' என்று பெயரிட்டு இரங்கினார்கள்.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அது உங்களுக்கும் எழலாம். சாக்கைச் சால்மன் உலகிலிருந்து அழிந்துவிடவில்லையே! அலாஸ்காவின் ஆறுகளில் இன்றும் அது கோடிக்கணக்கில் வருகிறது. அங்கிருந்து சில ஆயிரம் முட்டைகளைக் கொண்டுவந்து இந்த ஏரியில் விட்டால் ஆகாதா? ஓர் ஏரி மீனுக்காக ஓர் அரசாங்கமே கவலைப்படுவானேன்? இக்கேள்விக்கு விடை காண, சால்மனின் வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

சால்மன் நன்னீரில் பிறக்கிறது. தாய்மீன் சரளைக் கற்களிடையே குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது. குளிர்காலம் முழுதும் கல்லுக்கடியில் கிடந்த முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வெளிவருகின்றன. சாக்கை வகைக் குஞ்சுகள் ஓரிரண்டு ஆண்டுகள் ஏரியில் வளர்கின்றன. பிறகு ஒரு வசந்த காலத்தில் அவற்றின் உடலில் வியப்பான மாறுதல் நிகழ்கிறது. மேனி வெள்ளிபோல் பளபளக்கிறது. உப்பு நீரைத் தாங்கும்படி செவுளும் சிறுநீரகமும் தம்மை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. விரலளவே உள்ள அந்தக் குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடலை அடைகின்றன. கடலில் சில ஆண்டுகள் மேய்ந்து பெரிதாகி, ஒரு நாள் திரும்புகின்றன. ரெட்பிஷ் ஏரி மீன் திரும்பி வரவேண்டிய தூரம் சுமார் 1,450 கிலோமீட்டர். கொலம்பியா ஆறு, ஸ்னேக் ஆறு, சால்மன் ஆறு என மூன்று ஆறுகளின் வழியே, எதிர்நீச்சலாக, இரை ஏதும் உண்ணாமல், தன் உடற்கொழுப்பையே எரித்து அது மலையேறுகிறது. ஏரியை அடைந்து, முட்டையிட்டு, இறந்துவிடுகிறது.

பரந்த கடலில் திரிந்த மீன் தான் பிறந்த நீரை எவ்வாறு கண்டுகொள்கிறது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லர் என்பவர், வார்ரன் விஸ்பி என்பவரோடு சேர்ந்து, 1951ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒவ்வோர் ஆற்று நீருக்கும் அதன் மண்ணாலும் செடிகொடிகளாலும் அமைந்த தனி வாசனை உண்டு; குஞ்சுப் பருவத்தில் அந்த வாசனை மீனின் நினைவில் பதிந்துவிடுகிறது; அதை முகர்ந்தே அது தாயகம் திரும்புகிறது என்பது அக்கருத்து. பின்னர் நடந்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. கடலின் நடுவே பூமியின் காந்தப் புலமும் அதற்கு வழிகாட்டுகிறது என்று இப்போது கருதுகிறார்கள்.

வீடு திரும்பும் இந்தப் பழக்கத்திலிருந்து ஒரு பெரிய விளைவு பிறக்கிறது. ஓர் ஆற்று மீன் பெரும்பாலும் அந்த ஆற்று மீனோடேயே கூடுகிறது. அடுத்த ஆற்றில் அதே இனத்து மீன் இருந்தாலும் அதனோடு கலப்பது அரிது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழியும்போது, ஒவ்வோர் ஆற்றின் குளிரும் வெப்பமும், வேகமும் தூரமும், தம்மைத் தாங்கத்தக்க மீன்களை வாழவிட்டு மற்றவற்றைக் கழித்துவிடுகின்றன. தாங்கி நின்றவை தம் மரபணுக்களைப் பிள்ளைகளுக்குத் தருகின்றன. பெயரால் ஓர் இனமாக இருப்பது, உண்மையில் நூற்றுக்கணக்கான குலங்களாகப் பிரிந்திருக்கிறது.

இது வெறும் ஊகமன்று. கனடாவில் பிரேசர் ஆற்றுச் சாக்கை மீன்களைப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவ்வாற்றில் சில குலங்கள் கடலுக்கு அருகிலேயே முட்டையிடுகின்றன. சில குலங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறுகின்றன. கடினமான வழியை உடைய குலங்களுக்கு இதயம் பெரிதாக இருந்தது. அந்த இதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய்களும் செழுமையாக இருந்தன. ஒவ்வொரு குலமும் தன் பாதையில் வழக்கமாக நிலவும் நீர்வெப்பத்தில்தான் மிக நன்றாக நீந்தியது. மேனி ஒன்றுபோலிருந்தாலும், உள்ளே துடிக்கும் இதயம் அந்தந்த ஆற்றின் அளவுக்கே அமைந்திருக்கிறது. அப்படியானால் 1,450 கிலோமீட்டர் மலையேறும் மீனின் இடத்தில், கடலோரத்து மீனின் முட்டையைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? எங்கள் தாழ்ந்த வயலில் வேற்றூர் நெல்லுக்கு ஆனதுதான் ஆகும்.

இனி, ரெட்பிஷ் ஏரிக்கு அந்தத் தனிமை எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். 1910ஆம் ஆண்டில் சால்மன் ஆற்றின் குறுக்கே ஒரு சுரங்கத்திற்காகச் சன்பீம் என்ற அணை எழுந்தது. 1934இல் அதன் ஒரு பகுதி உடைக்கப்படும் வரை மீன்களின் வழி பெரிதும் தடைப்பட்டுக் கிடந்தது. 1938இல் கொலம்பியா ஆற்றில் பான்வில் அணை செயற்படத் தொடங்கியது. 1975இல் ஸ்னேக் ஆற்றில் லோயர் கிரானைட் அணை முடிவுற்றது. இவற்றோடு சேர்த்து, கடலுக்கும் இந்த ஏரிக்கும் இடையே எட்டுப் பெரிய அணைகள் இன்று நிற்கின்றன. இவற்றில் மேலேறும் மீன்களுக்குப் படிப்படியான நீர்த்தொட்டிகளால் 'மீன் ஏணி' அமைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு ஏணி உண்டு. இறங்கும் குஞ்சுகளின் பாடுதான் பெரும்பாடு. ஓடும் ஆறாக இருந்த இடம் தேங்கிய நீராகிவிட்டது. குஞ்சுகளின் பயணம் நீள்கிறது, நீர் சூடேறுகிறது, மின்சாரச் சுழலிகளில் அடிபட்டுச் சில மாய்கின்றன. நமக்கும் இது முற்றிலும் புதிய கதையன்று. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன், 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அருகிப் போயிற்று. அணைகள் நாட்டுக்கு மின்சாரமும் பாசனமும் தந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அதற்கான விலையின் ஒரு பகுதியைச் செலுத்தியவை இந்த மீன்கள்.

மீன் குறைந்தால் மீன் வளர்த்து விடுவோம் என்று எண்ணுவது மனித இயல்பு. 1872ஆம் ஆண்டிலேயே லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் கலிபோர்னியாவில் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார். அதன்பின் இத்தகைய பொரிப்பகங்கள் பெருகின. ஓர் ஆற்றின் முட்டையை மற்றோர் ஆற்றுக்கு அனுப்புவதும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கணக்கேடுகளில் எண்ணிக்கை நிறைந்தது. நானும் ஒரு காலத்தில் இதைச் சிறந்த ஏற்பாடென்றே கருதியிருந்தேன். காட்டாற்றில் ஆயிரம் முட்டைகளில் ஒன்றிரண்டே பெரிய மீனாகின்றன. பொரிப்பகத்தில் பெரும்பாலானவை பிழைத்து ஆற்றில் விடப்படுகின்றன. இதில் என்ன குறை காண முடியும்?

குறை, அந்தப் பிழைப்பிலேயே இருக்கிறது. காட்டாற்றில் எந்தக் குஞ்சு மாயும், எது தப்பும் என்பதை ஆறு முடிவு செய்கிறது. தொட்டியில் அந்தத் தேர்வு நடப்பதில்லை. அல்லது வேறு விதமாக நடக்கிறது. வேளைக்கு வந்துவிழும் தீனியை முந்தி உண்பது தொட்டியில் நன்மை. மேலே நிழலாடினால் ஓடி ஒளிவது அங்கே வீண். அதே குணங்கள் ஆற்றில் தலைகீழாகின்றன. நிழலைக் கண்டு அஞ்சாத குஞ்சை மீன்கொத்தி தூக்கிப் போய்விடும்.

ஆரிகன் மாநிலத்தில் ஹூட் என்றோர் ஆறு உண்டு. அதில் சால்மனின் உறவினமாகிய ஸ்டீல்ஹெட் என்னும் மீன் ஏறுகிறது. 1991ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஓர் அணையில் ஏறிவந்த மீன்களைப் பிடித்து, ஓரிரு செதில்களை எடுத்துக்கொண்டு மேலே விட்டார்கள். செதிலிலுள்ள மரபணுவைக் கொண்டு எந்த மீன் எதன் பிள்ளை என்று வமிசாவளி எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து 2007ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பொரிப்பகத்தில் வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை பெற்று நிலைக்கும் திறன் ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்து போகிறது! 2012இல் அதே ஆற்று மீன்களைக் கொண்டு மற்றோர் உண்மையும் வெளியாயிற்று. பொரிப்பகத்தில் எந்தக் குடும்பங்கள் மிகச் செழித்தனவோ, அவையே ஆற்றில் மிகவும் பின்தங்கின. இத்தனை மாறுதலுக்கு ஒரே தலைமுறை போதுமானதாயிருந்தது.

ஆகவே எண்ணிக்கை வேறு, பரம்பரைச் சொத்து வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்க நாட்டில் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் 1973ஆம் ஆண்டில் பிறந்தது. ஓர் இனத்தின் தனிப்பட்ட ஒரு கூட்டத்தையும் அச்சட்டத்தின்கீழ்க் காக்கலாம். தனிக் கூட்டம் என்று எதைக் கொள்வது? மற்றக் கூட்டங்களோடு பெரும்பாலும் கலவாதிருக்க வேண்டும். அந்த இனத்தின் பரிணாமச் செல்வத்தில் முக்கியமான ஒரு பங்கைத் தாங்கியிருக்க வேண்டும். இந்த இரு அளவுகோல்களை 1991இல் சால்மனுக்காக வகுத்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் ரெட்பிஷ் ஏரிச் சாக்கை, அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவிக்கப்பட்டது. அதே ஏரிப் பகுதியில் கடலுக்கே போகாத கொக்கனி என்ற சாக்கை வகையும் வாழ்கிறது. மரபணுச் சோதனையில், ஓடையில் முட்டையிடும் கொக்கனியும் ஏரிக்கரையில் முட்டையிடும் சாக்கையும் தனித்தனிக் குலங்கள் என்பது தெளிவாயிற்று. ஆதலின் ஒன்று இருக்கிறதே என்று மற்றதைக் கைவிட முடியாது.

1991இல் நான்கு மீன்கள் திரும்பின, 1992இல் அந்த ஒன்று, 1993இல் எட்டு. 1998 வரையிலான எட்டு ஆண்டுகளில் மொத்தம் 16 மீன்களே வந்தன. சில ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்த மீன்களையும், கடலுக்குப் புறப்பட்ட குஞ்சுகள் சிலவற்றையும், ஏரியிலேயே தங்கிவிட்ட சாக்கை சிலவற்றையும் பிடித்து வளர்த்தார்கள். தனிமை லாரியின் விந்தை உறையவைத்துப் பாதுகாத்தார்கள். ஓரிடத்தில் நோயோ விபத்தோ நேர்ந்தாலும் மற்றோரிடத்தில் குலம் தப்ப வேண்டும் என்று, ஐடஹோவில் ஒரு பகுதியும் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பகுதியுமாகப் பிரித்து வைத்தார்கள். மிகச் சில பெற்றோரிடமிருந்து ஒரு குலத்தை எழுப்பும்போது நெருங்கிய உறவில் கலப்பு நேர்ந்து சந்ததி நலிவடையும். அதனால் ஒவ்வொரு மீனின் மரபணுவையும் சோதித்து, எதற்கு எது தூரத்து உறவு என்று கணக்கிட்டுப் பொருத்தம் பார்த்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கோத்திரமும் பங்காளி முறையும் பார்ப்பதைவிடக் கண்டிப்பான பொருத்தம் அது!

1999ஆம் ஆண்டில், அவ்வாறு வளர்க்கப்பட்ட குலத்தின் பிள்ளைகளில் ஏழு மீன்கள் கடல்வரை போய் ஏரிக்குத் திரும்பின. அடுத்த ஆண்டு 257 வந்தன. 2014இல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வந்தன. மறு ஆண்டாகிய 2015இல் கடும் வெயில் காய்ந்தது. ஆறு சூடேறி, மலையேறிய மீன்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. குலத்தைக் காப்பாற்றி விட்டார்கள். அந்தக் குலம் தானாக வாழ்வதற்குரிய ஆற்றை இன்னும் மீட்டுக் கொடுத்தபாடில்லை. விதைக்கோட்டை பத்திரமாக இருந்தும் வயல் சீராகவில்லை என்றால் அந்த விதைக்கு என்ன பயன்?

இதற்கு நேர்மாறான நிலைமையும் ஓரிடத்தில் உண்டு. வயல் திரும்பக் கிடைத்துவிட்டது. விதைதான் அருகிப் போயிருக்கிறது. ஆரிகனிலும் கலிபோர்னியாவிலும் பாயும் கிளாமத் என்ற ஆற்றைத்தான் சொல்லுகிறேன். அவ்வாற்றில் சினூக் என்னும் பெரிய சால்மன் இரு பருவங்களில் ஏறுவதுண்டு. ஒரு பகுதி இலையுதிர் காலத்தில் முதிர்ந்த நிலையில் ஏறி உடனே முட்டையிடும். மற்றொரு பகுதி வசந்தத்திலேயே, கொழுப்பு நிறைந்த உடலோடு ஏறி, மலைமடுக்களின் குளிர்ந்த நீரில் கோடையைக் கழித்து, பிறகு முட்டையிடும். அவ்வாற்றங்கரைப் பழங்குடியினராகிய கரூக் மக்களுக்கு வசந்த மீனின் வருகை ஆண்டின் புனித நிகழ்ச்சி. இவ்விரண்டும் ஒரே கூட்டம். வசந்த மீன் அழிந்தாலும் இலையுதிர்கால மீனிலிருந்து மீண்டும் தோன்றிவிடும் என்பது பலருடைய நம்பிக்கையாக இருந்தது.

2017ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த நம்பிக்கையை அசைத்தார்கள். முன்பருவத்தில் ஏறும் இயல்பு, மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு சிறு பகுதியோடு பிணைந்திருக்கிறது என்று கண்டார்கள். அணைகளுக்கு மேலேயிருந்த பழங்கால மீன் எலும்புகளில் அந்த வசந்தகால வடிவம் இருந்தது என்பதையும் பின்னர்க் காட்டினார்கள். ஆனால், வசந்த மீன் மறைந்துபோன துணையாறுகளில் அந்த வடிவம் மிக அருகியோ முற்றிலும் இல்லாமலோ போயிருந்தது. இலையுதிர்கால மீன் அதைத் தன்னுள் ஒளித்துக் காத்து வைத்திருக்கவில்லை. 2021இல் கலிபோர்னியா மாநிலம் கிளாமத், டிரினிட்டி ஆறுகளின் வசந்த சினூக்கைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை 2023, 2024ஆம் ஆண்டுகளில் அகற்றினார்கள். கடைசி அணை நீங்கிய சில நாட்களிலேயே, 2024 அக்டோபரில், நூறாண்டுக்கு மேலாகச் சால்மன் காணாத மேலாற்றில் இலையுதிர்கால சினூக் நீந்தியது. பிள்ளைப் பருவத்தில் வசந்த மீனின் கதையை மட்டும் கேட்டு வளர்ந்த முதியவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும்! எனினும், வசந்தத்தில் அந்த மேலாற்றுக்கு ஏறவேண்டிய மீன், சில துணையாறுகளில் எஞ்சி நிற்கும் சிறு கூட்டத்திலிருந்துதான் வரவேண்டும். அந்தச் சிறு கூட்டமும் போய்விட்டால், ஆறு திறந்து கிடந்தும் அந்த வசந்தம் வெறுமையாகவே இருக்கும்.

அன்பர்களே, அணையை மனிதன் கட்டினான்; மனிதனால் இடிக்கவும் முடிந்தது. ஆற்று நீரைத் தேக்கினான், திறந்துவிடவும் முடிந்தது. ஆனால், ஓர் ஆறும் ஒரு மீன்குலமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒன்றையொன்று பழகி எழுதிக்கொண்ட ஏட்டை, ஒருமுறை எரித்துவிட்டால் மறுபடி எழுதும் வித்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. இருப்பதைப் பிரதி எடுக்கலாம், உறையவைக்கலாம், உறவுப் பொருத்தம் பார்த்துப் பெருக்கலாம். அதற்கும் முதலில் ஏதோ ஒன்று எஞ்சியிருக்க வேண்டும். 1992இல் அந்த ஒரு மீனும் வழியில் மாண்டிருந்தால், உறையவைக்க அதன் விந்தும் இருந்திராது.

நாங்கள் விதைநெல்லைத் தின்ற அந்த ஆண்டுக்குப் பிறகு, என் தந்தையார் எங்கள் பழைய நெல்லைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் இரண்டு மரக்கால் மட்டும் கிடைத்தது. அதை அவர் மடியில் கட்டிக்கொண்டு வந்த கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. எங்காவது ஒரு வீட்டில் யாரோ ஒருவர் காத்து வைத்திருந்தார். அதனால் எங்களுக்கு அந்த நெல் மீண்டும் கிடைத்தது. ஆற்று மீனுக்கு அத்தகைய தூரத்து உறவினர் வீடு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருக்கும்போதே காப்பதுதான் வழி.